பாரிசில் 40ஆவது கல்யாண நாள் சாப்பாடு: உப்புவெளித் தங்கச்சிக்கு ஒரு பதில்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மே மாதம் அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாரிசிலுள்ள அண்ணா வீட்டுக்குப் போகிறார்களாம். அங்கே நிற்கும்போதே பெற்றோரின் 40ஆவது கல்யாண நாள் வருகிறது, அதுவும் ஒரு சனிக்கிழமையில். தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பல் பக்கம் மண்டபம் எடுத்துப் புரியாணி போடலாம் என்கிறார் அண்ணா. இவ்வளவு தூரம் போயும் அதையே சாப்பிடுவதா, ஒரு சின்ன பிரெஞ்சுக் கடையில் ஆறு பேராக இருந்து ஆறுதலாகச் சாப்பிட வேண்டும் என்று இவருக்கு ஆசை. அப்பா மாடும் பன்றியும் தொடமாட்டார். அம்மாவுக்குச் சீனி வருத்தம், முள்ளுக்கரண்டியும் பழக்கமில்லை. கடையை எப்படிப் பிடிப்பது, என்ன எடுப்பது, மானம் போகாமல் வெளியே வருவது எப்படி என்பதுதான் கேள்வி.

பாரிசில் அந்த மாதிரிக் கடைகளின் குசினிகளில் கோப்பை கழுவத் தொடங்கி அடுப்பு வரைக்கும் நின்றவன் நான். இப்போது திருகோணமலைக்கே வந்துவிட்டேன். ஆகவே மேசைப் பக்கத்தை விட அடுப்புப் பக்கத்திலிருந்துதான் எனக்குப் பதில் வரும்.

சின்னக் கடையில் முன்கூட்டியே சொன்னால் ஏறக்குறைய எல்லாம் நடக்கும். மேசையில் இருந்த பிறகு சொன்னால் அனேகமாக ஒன்றும் நடக்காது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. முப்பது கதிரை போட்ட கடையின் குசினியில் மிஞ்சிப்போனால் மூன்று பேர் நிற்பார்கள்: சமையற்காரர், அவருக்கு ஒரு கையாள், கோப்பை கழுவ ஒருவர். அந்தக் கழுவுகிறவர் நம்மவராக இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். காலையிலேயே எலும்பு அவியத் தொடங்கிவிடும். சோஸ் வற்றி, மரக்கறி வெட்டி, மீன் துண்டு போட்டு, பின்னேரத்துக்குள் எல்லாம் சின்னப் பெட்டிகளில் அடுக்கியாகிவிடும். இரவு எட்டரைக்கு நீங்கள் ‘இந்த சோஸில் மாட்டெலும்புச் சாறு இல்லாமல் தாருங்கள்’ என்றால், அந்த மனிதரிடம் வேறு சாறே கிடையாது. இரண்டு மூன்று நாளுக்கு முன்பே தெரிந்திருந்தால் முகம் சுளிக்காமல் செய்து தருவார்.

இனி நாள். சனிக்கிழமை இரவை விட்டுவிடுங்கள். அன்றைக்குத்தான் பாரிசுக்காரர் எல்லோரும் வெளியே சாப்பிடுகிறார்கள். பல கடைகள் ஒரே மேசையை ஏழு மணிக்கு ஒரு கூட்டத்துக்கும் ஒன்பதரைக்கு இன்னொரு கூட்டத்துக்கும் கொடுக்கும், நீங்கள் இனிப்பில் கரண்டி வைக்கும்போதே அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும். ஞாயிறும் திங்களும் சின்னக் கடைகள் நிறையப் பூட்டு. ஆகவே செவ்வாய், புதன், வியாழன் இரவுகள் நல்லது. கல்யாண நாளன்றே சாப்பிட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தால் சனிக்கிழமை மத்தியானம் எடுங்கள். மே மாதத்தில் இன்னொரு சிக்கல், பொதுவிடுமுறைகள். 1ஆம் திகதியும் 8ஆம் திகதியும் விடுமுறை, இயேசுவின் விண்ணேற்ற விழா வியாழனும் பெரும்பாலும் மேயில்தான் வரும். அந்த வியாழனோடு வெள்ளியையும் சேர்த்துக் கடையைப் பூட்டிவிட்டுப் போகிற முதலாளிமார் உண்டு. வீட்டில் வெள்ளி மரக்கறி என்றால் அதையும் கணக்கில் எடுங்கள். விரதத்தன்று இப்படி ஒரு மேசையில் இருந்து லீக்ஸும் உருளைக்கிழங்கும் மட்டும் சாப்பிட்டுவிட்டு வருவது பாவம்.

போய் இறங்கிய அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ வைக்க வேண்டாம். மே மாதத்தில் பாரிசுக்கும் இலங்கைக்கும் மூன்றரை மணித்தியால வித்தியாசம். அங்கே இரவு எட்டு மணி என்றால் அப்பாவின் உடம்புக்கு அது இரவு பதினொன்றரை. சூப் வருவதற்குள் ஆள் தூங்கி விழுவார். ஒரு கிழமை போகட்டும். மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் அங்கே வெளிச்சம் இருக்கும், ‘இன்னும் பொழுதுபடவில்லையே, என்ன இரவுச் சாப்பாடு’ என்று கேட்பார்கள். அதை முதலே சொல்லி வையுங்கள்.

காசைப் பார்த்தால் மத்தியானம் மலிவு. கிழமை நாட்களில் ஃபொர்மூல் என்று ஒரு கட்டுவிலை இருக்கும், இரண்டு அல்லது மூன்று தட்டு சேர்த்து ஆளுக்கு இருபது, இருபத்தைந்து யூரோ அளவில் முடிந்துவிடும். அதே கையால் சமைத்த அதே சாப்பாடு இரவில் நாற்பதுக்கு மேல் போகும். ஆனால் மத்தியானம் பக்கத்து மேசைகளில் வேலைக்குத் திரும்ப வேண்டிய ஆட்கள் இருப்பார்கள், அவசரம் இருக்கும். நாற்பது வருடத்துக்கு ஒரு முறை என்றால் நான் இரவைத்தான் எடுப்பேன்.

கடையைத் தேர்வது நீங்கள் நினைக்கிற அளவு கஷ்டமில்லை. வாசலில் ஒருவர் நின்று கைகாட்டிக் கூப்பிடுகிற கடை வேண்டாம். ஆறு மொழியில் படம் போட்ட பட்டியல் வேண்டாம். கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதிய சின்னப் பட்டியல் உள்ள கடையைப் பாருங்கள்: தொடக்கத்துக்கு நாலு, நடுவுக்கு நாலைந்து, இனிப்புக்கு நாலு. மூன்று பேர் நிற்கிற குசினியில் நாற்பது சாமான் எழுதியிருந்தால் அதில் முக்கால்வாசி குளிர்ப்பெட்டியிலிருந்து வருகிறது என்று அர்த்தம். சட்டிக்கு மேல் வீட்டுக் கூரை வரைந்த ஒரு சின்ன அடையாளம் சில தட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கும். 2014இல் அரசாங்கம் கொண்டுவந்த அடையாளம் அது, அந்தக் கடையிலேயே பச்சைச் சாமானிலிருந்து சமைத்தது என்று பொருள். சாப்பாட்டுக் கடைகளைத் தரம்பிரிக்கிற மிஷ்லன் வழிகாட்டியில் நட்சத்திரத்தைத் தேட வேண்டாம், அது வேறு உலகம், வேறு பில். அதே வழிகாட்டியில் பிப் கூர்மோன் என்று ஒரு குறி உண்டு, நியாயமான விலைக்கு நல்ல சாப்பாடு தருகிற கடைகளுக்கு அதைக் கொடுப்பார்கள். பதினோராம் வட்டாரத்திலும் பத்தாம் வட்டாரத்தில் சென்மார்த்தன் கால்வாய்ப் பக்கத்திலும் இப்படியான சின்னக் கடைகள் நிறைய இருக்கின்றன. லாசப்பலில் இருந்து அதிக தூரமுமில்லை.

ஆறு பேர் என்பது எல்லைக்கோடு. அதுவரைக்கும் சின்னக் கடை சமாளிக்கும். பெரியம்மாவும் வருகிறா, அண்ணியின் தம்பியும் வருகிறார் என்று பத்தாகிவிட்டால், ஒரே பட்டியலில் எல்லோரும் சாப்பிட வேண்டும் என்று கடைக்காரர் சொல்வார். அது அநியாயமில்லை, பத்துப் பேருக்குப் பத்து விதம் ஒரே நேரத்தில் வெளியே அனுப்ப அந்த அடுப்பில் இடமில்லை. எண்ணிக்கையை முடிவெடுத்துவிட்டுப் பிறகு பதியுங்கள். நேரத்துக்குப் போங்கள். கால் மணித்தியாலம் பிந்தினால் ஒரு போன் போடுங்கள், போடாவிட்டால் மேசை போய்விடும். சில கடைகள் பதியும்போதே வங்கி அட்டை இலக்கம் கேட்கும், சொல்லாமல் வராமல் விட்டால் ஆளுக்கு இவ்வளவு என்று வெட்டுவார்கள்.

அண்ணா வேலைக்குப் போய்விட்டால் நீங்களே போன் எடுக்கலாம். பின்னேரம் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் எடுங்கள், மற்ற நேரத்தில் அவர்களுக்குக் கதைக்கக் கை இருக்காது. இதை அப்படியே வாசியுங்கள்: “பொன்ஜூர், ஜ வூத்ரே ரெசேர்வே பூர் சீ பெர்ஸோன். சே பூர் லே கராந்த் ஆன் து மரியாஜ் து மே பரான்.” ஆறு பேருக்கு மேசை வேண்டும், என் பெற்றோரின் 40ஆவது கல்யாண நாள் என்பது இதன் சாரம். இரண்டாவது வசனத்தை விட்டுவிடாதீர்கள். பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அது எழுதப்படும், அன்றைக்குச் சேவை தொடங்க முதல் குசினிக்கும் வந்து சேரும். அப்படி எழுதிய மேசைக்கு வாசலோரக் கதிரை கொடுத்த கடையை நான் கண்டதில்லை.

மாடு, பன்றி விஷயத்தையும் அதே அழைப்பிலேயே சொல்லுங்கள். இங்கேதான் நம்மவர் ஏமாறுகிறார்கள். மாட்டிறைச்சித் தட்டை எடுக்காவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். பிரெஞ்சுச் சமையலில் மாடு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற இடங்கள்தான் அதிகம். ஃபோன் து வோ என்பது கன்றின் எலும்பை மணிக்கணக்காக அவித்து வற்றவைத்த சாறு, கோழிக்கும் வாத்துக்கும் சில நேரம் மீனுக்கும் ஊற்றுகிற கபில நிற சோஸ்களுக்கு அதுதான் அடி. வெங்காய சூப் பெயரளவில் மரக்கறி, அடியில் பெரும்பாலும் மாட்டுச் சாறு. பன்றி லார்டோன் என்ற சின்னத் துண்டுகளாகச் சலாதுக்குள்ளும் பருப்புக்குள்ளும் ஒளிந்திருக்கும். சில இனிப்புகளில் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுக்கிற ஜெலட்டினும் இருக்கும். ‘சான் பஃப், சான் வோ, சான் போர்’, அதாவது மாடு, கன்று, பன்றி இல்லாமல் என்று சொல்லிவிட்டு, ‘சான் ஃபோன் து வோ’ என்று ஒரு சொல் கூட்டினால் சமையற்காரருக்கு உடனே விளங்கும். சமையலில் சேர்க்கிற வைனும் வேண்டாமென்றால் சொல்லலாம், ஆனால் சோஸில் வைன் ஊற்றாமல் அங்கே சமையல் நடப்பது கஷ்டம். அப்பா அதைப் பொருட்படுத்த மாட்டார் என்று நினைக்கிறேன்.

கடைக்குள் போனதும் முதல் வேலை, கண்ணைப் பார்த்து ‘பொன்சுவார்’ சொல்வது. ஆறு பேரில் ஒருவராவது சத்தமாகச் சொல்ல வேண்டும். அங்கே கடைக்காரர் வீட்டுக்காரர் மாதிரி. வணக்கம் சொல்லாமல் நேரே ‘மேசை எங்கே’ என்று கேட்டால் அந்த இரவு முழுக்க அவர் முகம் கல்லாகத்தான் இருக்கும். நீங்களாகப் போய் வெறுமேசையில் இருக்கவும் கூடாது, அவர் காட்டுகிற இடத்துக்குப் போங்கள். உடுப்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தால் அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும், கட்டட்டும்.

சாப்பாடு ஒவ்வொன்றாக வரும். தொடக்கத் தட்டு, நடுத்தட்டு, சீஸ், இனிப்பு, பிறகு கோப்பி. நாம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிப் பழகியவர்கள். அவர்களுக்கு வரிசைதான் விருந்து. பிறந்தநாள், கல்யாண நாள் என்று கூடியிருந்து இப்படி வரிசையாகச் சாப்பிடுகிற பிரெஞ்சு வழக்கத்தை 2010இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. குறைந்தது நாலு தட்டு, ஒன்றன்பின் ஒன்று, நடுவில் கதை. அதாவது நீங்கள் கொண்டாட நினைக்கிற விதமேதான் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இந்த இடத்தில் நம்மூர்ச் சங்கதி ஒன்று. 1782 ஆகஸ்ட் கடைசியில் ஆங்கிலேயரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென், பெரிய சாப்பாட்டுப் பிரியர், உடம்பும் அதற்கேற்ற உடம்பு. அவர் மேசையில் இருக்கும்போது உள்ளூர்த் தூதுக்குழு ஒன்று பார்க்க வந்ததாம். சாப்பாட்டு நேரத்தில் வேறு காரியம் பார்க்க எங்கள் மதம் இடம்கொடாது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். கதையோ நிஜமோ, பிரெஞ்சுக்காரர் இன்னும் அந்த மதத்தில்தான் இருக்கிறார்கள். ஈஃபிள் கோபுரத்துப் பக்கத்தில் அவர் பெயரில் ஒரு அகலமான வீதி போகிறது. பிரெட்ரிக் கோட்டையைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்குப் போய் வந்த அப்பாவுக்கு, அந்த வீதியில் நடக்கும்போது சொல்ல ஒரு கதை ஆயிற்று.

தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் இருபது நிமிடம் போகும். பக்கத்து மேசைக்கு வந்துவிட்டது, நமக்கு இன்னும் வரவில்லை என்று நம்மவர் கொதிப்பது அப்போதுதான். குசினியில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஆறு பேரின் நடுத்தட்டும் சீட்டில் எழுதப்பட்டு அடுப்புக்கு மேல் கம்பியில் தொங்கும், ஆனால் யாரும் தொடமாட்டார்கள். மேசையில் ஆறு பேரும் தொடக்கத் தட்டை முடிக்கும் வரை பரிசாரகர் பார்த்துக்கொண்டிருப்பார். முடித்ததும் உள்ளே வந்து ‘லா சுயித்’, அதாவது ‘அடுத்தது’ என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் வந்த பிறகுதான் மீன் சட்டிக்கு ஏறும். ஆறும் ஒரே நிமிடத்தில் மேசைக்குப் போக வேண்டும், அதில்தான் சமையற்காரரின் மானம் இருக்கிறது. ஆகவே ஒருவர் தொடக்கத் தட்டில் பாதியை வைத்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தால் ஆறு பேரின் சாப்பாடும் நிற்கும். சாப்பிட்டு முடித்தவர் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் பக்கம் பக்கமாகத் தட்டின் மேல் வைத்துவிட வேண்டும், அதுதான் ‘எடுக்கலாம்’ என்ற சைகை. குரல் வந்துவிட்ட பிறகு ‘ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வருகிறேன்’ என்று யாராவது எழும்பிப்போனால் உள்ளே என்னென்ன வார்த்தை வரும் என்று நான் எழுத மாட்டேன்.

அம்மாவின் சீனி மருந்து இங்கேதான் முக்கியம். வீட்டில் மருந்து போட்டால் அரை மணித்தியாலத்தில் சாப்பாடு. அங்கே ஏழரைக்கு இருந்தால் நடுத்தட்டு வர எட்டரை தாண்டலாம், எல்லாம் முடிய பத்து. மருந்தை எந்த நேரத்தில் எடுப்பது என்று வெளிக்கிட முதலே டாக்குத்தரிடம் கேட்டு வையுங்கள். பாண் இருந்தவுடனேயே வரும், காசில்லை, முடிந்தால் திரும்பவும் தருவார்கள். தண்ணீருக்கு ‘உன் கராஃப் தோ’ என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் போத்தலில் வரும், அதற்கும் காசில்லை. வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் காசுப் போத்தல் வந்துவிடக்கூடும். பாணுக்குத் தனிப் பீங்கான் தராவிட்டால் மேசைவிரிப்பிலேயே வைக்கலாம், கையால் பிய்த்துத்தான் சாப்பிட வேண்டும். பாண் சப்பையாக இருந்தால் அந்தக் கடையின் மற்றச் சாப்பாட்டையும் நம்ப மாட்டேன். சும்மா சொல்லவில்லை, 2023இல் பாரிசின் சிறந்த பகெட்டுக்கான போட்டியில் முதலாவதாக வந்தவர் நம்முடைய தர்ஷன் செல்வராஜா, இருபதாம் வட்டாரத்தில் வெதுப்பகம் வைத்திருப்பவர். ஜனாதிபதி மாளிகைக்கு ஒரு வருடம் பாண் கொடுக்கும் உரிமை அந்தப் பரிசோடு வருகிறது. அப்பாவிடம் இதைச் சொன்னால் அவர் பாணை வேறு விதமாகப் பார்ப்பார்.

தொடக்கத்துக்கு மே மாதத்தில் வெள்ளை அஸ்பராகஸ் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். அந்த ஒரு சில கிழமைதான் அது. இல்லாவிட்டால் லீக்ஸை முழுதாக அவித்து ஆறவைத்துக் கடுகும் வினாகிரியும் எண்ணெயும் அடித்து ஊற்றுகிற தட்டு ஒன்று உண்டு. நுவரெலியா லீக்ஸைப் பருப்புக்குள் போட்டே பழகிய அம்மாவுக்கு அதன் இனிப்பு புதிதாக இருக்கும். சூடாக்கிய ஆட்டுப்பால் சீஸ் வைத்த சலாதும் பயமில்லாதது.

நடுத்தட்டுக்கு அம்மாவுக்கு என் சிபாரிசு திருக்கை. ஆம், அதே திருக்கைதான், அங்கே ‘ரே’ என்பார்கள். நாம் தூள் போட்டுக் குழம்பாக்குகிறோம், அல்லது வறை வறுக்கிறோம். அவர்கள் செட்டையை முழுதாக வினாகிரி விட்ட தண்ணீரில் மெல்ல அவித்து எடுத்துத் தட்டில் வைப்பார்கள். பக்கத்துச் சட்டியில் வெண்ணெய் உருகும். முதலில் நுரைத்துச் சடசடக்கும், தண்ணீர் போனதும் சத்தம் அடங்கும், அடியில் கபிலப் பொட்டுகள் விழும், கொட்டை வறுத்த வாசம் எழும்பும். அந்தக் கணத்தில் கேப்பர் மொட்டுகளையும் ஒரு சொட்டு வினாகிரியையும் போட்டால் சீறும், சீறச் சீற மீனுக்கு மேல் ஊற்றி உடனே வெளியே அனுப்ப வேண்டும். பத்து விநாடி பிந்தினால் வெண்ணெய் கறுத்துவிடும். திருக்கையில் குத்துகிற முள் கிடையாது, குருத்தெலும்புதான். முள்ளுக்கரண்டியைத் தட்டையாகப் பிடித்து மேலிருந்து வெளிப்பக்கம் தள்ளினால் சதை நூல் நூலாகக் கழன்று வரும், கத்தி தேவையே இல்லை. முள்ளுக்கரண்டி பழகாதவருக்கு இதைவிட நல்ல மீன் இல்லை. முழு மீனாக டொராத் எடுத்தால்தான் அம்மா திண்டாடுவா. வெளிக்கிட முதல் நம்மூர் மீன் சந்தையில் ஒரு துண்டு வாங்கி, வெண்ணெயில் பொரித்து, முள்ளுக்கரண்டியோடு வீட்டில் இரண்டு தரம் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கூச்சம் அங்கேயே போய்விடும்.

அப்பாவுக்கு வாத்துக்கால், கோன்ஃபி து கனார். வாத்தின் காலை உப்பில் ஊறவைத்து, அதன் கொழுப்பிலேயே மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைத்து, கடைசியில் தோலை மொறுமொறுப்பாக எடுப்பார்கள். எலும்பிலிருந்து தானாக விழும், இரத்தம் இருக்காது. வாத்து நெஞ்சை, அதாவது மக்ரே, எடுக்க வேண்டாம். அதை உள்ளே சிவப்பாகத்தான் தருவார்கள், ‘நன்றாக வேகவையுங்கள்’ என்றால் செருப்புத்தோல் ஆகிவிடும். மே மாதம் இளவேனில் மரக்கறியோடு ஆட்டிறைச்சி அவியல் ஒன்று பலகையில் இருக்கலாம், நவரன் என்பார்கள். சாறு என்ன என்று கேட்டுவிட்டு அதையும் எடுக்கலாம். பலகையில் அந்துயேத் என்று ஒரு பெயர் இருந்தால் தூர விலகுங்கள், பன்றிக் குடலில் செய்த சொசேஜ் அது, வாசம் மேசையை விட்டுப் போகாது. தார்த்தார் என்றால் பச்சை மாட்டிறைச்சி.

உறைப்பு இருக்காது. அதற்காக கைப்பைக்குள் மிளகாய்த்தூள் டப்பா கொண்டுபோக வேண்டாம், ஒரு இரவுக்குத் தாங்கலாம். அப்பாவுக்குத் தாங்காவிட்டால் ‘மூதார்த்’ கேளுங்கள், திஜோன் கடுகு மூக்குவரை ஏறும், வாத்துக்கு நன்றாகவே சேரும். சோறும் கிடைக்காது. அன்று மத்தியானம் அண்ணி வீட்டில் சோறு ஆக்கிப் போட்டுவிட்டால் இரவுப் பிரச்சினை பாதி தீரும். ஆளுக்கு ஆள் தட்டில் கைவைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். குடும்பத்துக்குள் முள்ளுக்கரண்டியால் ஒரு துண்டு எடுத்துக் கொடுப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். மூன்று தட்டு வாங்கி ஆறு பேர் பிரிப்பதுதான் அங்கே முகம் சுளிக்க வைக்கும்.

வைன் கட்டாயமில்லை. குடிக்கிறவர் கோப்பைக் கணக்கில் எடுக்கலாம், அரைப் போத்தல் அளவுக்குக் கூஜாவிலும் தருவார்கள். குடிக்காதவருக்கு தண்ணீரோ பழச்சாறோ போதும், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஷம்பெயின் வேண்டுமானால் போத்தல் எடுக்காமல் கோப்பையாக எடுங்கள். அப்பாவும் அம்மாவும் கோப்பையைத் தட்டிப் படம் எடுக்க இரண்டு கோப்பை போதாதா?

இனிப்புக்கு அம்மாவுக்கு ஃப்ரோமாஜ் பிளான் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தம்பலகாமத்துத் தயிருக்குக் கிட்ட வருகிற சாமான் அங்கே அதுதான், சீனி போடாமல் கேட்கலாம். மே மாத ஸ்ட்ரோபெரியோடு வந்தால் இன்னும் நல்லது. மற்றவர்கள் கிரெம் புரூலே எடுத்து, மேலே கருக்கிய சீனி ஓட்டைக் கரண்டியால் உடைத்து மகிழட்டும். கேக் கொண்டுபோவதென்றால் பதியும்போதே கேளுங்கள். சில கடை விடும், சில கடை அதற்குக் காசு வாங்கும், சொல்லாமல் பெட்டியோடு போய் நிற்பது மரியாதையில்லை. என்னைக் கேட்டால் கேக் வேண்டாம். கல்யாண நாள் என்று எழுதி வைத்திருந்தால் அவர்களே இனிப்புத் தட்டில் ஒரு மெழுகுதிரி குத்தி அனுப்புவார்கள், சொக்லேட்டால் தட்டோரத்தில் ஒரு வரி எழுதியும் விடுவார்கள். அந்த எழுத்து வேலை பெரும்பாலும் கையாளின் தலையில் விழும், ஆகவே கோணல்மாணலாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். கோப்பி இனிப்புக்குப் பிறகுதான் வரும், சின்னக் கோப்பையில், பால் இல்லாமல். பால் தேத்தண்ணி வீட்டில்.

அண்ணாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவர் சொல்கிற மண்டபத்துக்கும் காரணம் இருக்கிறது, லாசப்பல் சொந்தங்களை விட்டுவிட்டுக் கொண்டாடினால் பிறகு அங்கே இருக்கப்போவது அவர்தான். சனிக்கிழமை புரியாணியை அவர் போடட்டும், வியாழன் இரவை நீங்கள் எடுங்கள். காசு இடிக்கிறதென்றால் கிராண்ட் புல்வார் பக்கத்தில் 1896இலிருந்து நடக்கிற புய்யோன் ஷார்த்தியேயில் மலிவாகச் சாப்பிடலாம். ஆனால் அது பென்னாம்பெரிய மண்டபம், வரிசையில் நிற்க வேண்டும், பரிசாரகர் மேசைக் கடதாசியிலேயே பில் எழுதிவிட்டுப் பறந்துவிடுவார். நீங்கள் கேட்ட ஆறுதல் அங்கே கிடைக்காது.

பில் கேட்காமல் வராது. ஒரே மேசையை இரண்டு கூட்டத்துக்குக் கொடுக்கிற இரவைத் தவிர, மேசையில் எவ்வளவு நேரம் இருந்தாலும் எழும்பு என்று சொல்லமாட்டார்கள், நீங்களாக ‘லதிசியோன், சில் வு ப்ளே’ என்று கேட்க வேண்டும். சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கிறது, அதற்கு மேல் நூற்றுக்குப் பத்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனம் நிறைந்தால் ஐந்தோ பத்தோ யூரோ மேசையில் வைக்கலாம், ‘குசினிக்கும்’ என்று சொல்லி வைத்தால் உள்ளே இருக்கிறவருக்கும் போய்ச் சேரும். இன்னொன்று, அப்பா பில்லைப் பிடுங்குவார். நம் அப்பாமார் எல்லோரும் பிடுங்குவார்கள். யூரோவை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டால் அடுத்த ஒரு கிழமை வீட்டில் நிம்மதி இராது. ஆகவே கோப்பி வருகிற நேரத்தில் கைகழுவப் போகிற மாதிரி அண்ணா எழும்பிப் போய்க் கல்லாவில் அட்டையைப் போட்டு முடித்துவிடட்டும். எவ்வளவு என்று அப்பா கேட்டால் அண்ணியைப் பதில் சொல்ல விடுங்கள், மருமகளோடு அவர் வாதாட மாட்டார்.